எழுபத்தைந்து டைல்ஸ்

கணக்கு சாருக்கு இந்த உலகத்தில் ரெண்டே ரெண்டு விஷயம்தான் ஆகாது. ஒண்ணு, விடைக்கு அடியில் கோடு போடாமல் தாளைக் கொடுக்கிற பிள்ளைகள். இன்னொண்ணு, பள்ளிக்கூடத்துப் பெரிய டீச்சர் புதுசாகக் கொண்டு வந்திருந்த வேலைப் படிப்பு.

காலையில் பாடம், மத்தியானத்துக்கு மேல் பட்டறை. கட்டட வேலை, மின்வேலை, நோயாளியைக் கவனிக்கிற வேலை என்று மூணு பிரிவு. ரெண்டு வருஷம் படித்து முடித்தால் நேரே வேலைக்கும் போகலாம், விருப்பப்பட்டால் மேலே பொறியியலும் படிக்கலாம். பெரிய டீச்சர் பெற்றோர் கூட்டத்தில் இதையெல்லாம் விளக்கிச் சொல்லி உட்கார்ந்த கையோடு கணக்கு சார் எழுந்தார்.

"கொத்தனார் கரண்டி பிடிக்கக் கத்துக்கறதுக்குப் பள்ளிக்கூடம் எதுக்குங்க? என் பொண்ணை நான் இதுல சேர்க்க மாட்டேன். நீங்களும் யோசிச்சுக்குங்க."

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். மறுநாள் காலையில் அந்தப் படிப்புக்கான விண்ணப்பத் தாளை நீட்டிக்கொண்டு நின்றது வேறு யாருமில்லை, அவருடைய ஒரே மகள்தான். கட்டட வேலைப் பிரிவு என்று ஏற்கெனவே டிக் போட்டிருந்தாள். தகப்பன் கையெழுத்து மட்டும் பாக்கி.

"நூத்துக்குத் தொண்ணூத்தாறு வாங்கற பொண்ணுடி நீ!"

"வாங்கறேன்ப்பா. ஆனா நம்ம வீட்டுக் குழாய் ஒழுகினா நான் உங்களைப் பாக்கறேன். நீங்க அம்மாவைப் பாக்கறீங்க. அம்மா மாமாவுக்கு ஃபோன் பண்றாங்க. மாமா வந்து ரெண்டு நிமிஷத்துல அடைச்சிட்டுப் போறாரு. அந்த ரெண்டு நிமிஷத்தை எனக்கு யாரு சொல்லித் தருவா?"

மாமா என்றால் சாரின் மச்சினன், மனைவிக்கு நேர் இளையவன். டைல்ஸ் மேஸ்திரி. சாரிடமே ஒன்பதாவது படித்து, சார் கையாலேயே கணக்கில் ஃபெயிலாகி, அதோடு படிப்புக்கு முழுக்குப் போட்டவன். ஃபெயில் போட்ட மறு வருஷமே அந்த வீட்டுக்கே பெண் கேட்டுப் போனவர் நம் சார். தைரியம் என்றால் அது தைரியம்.

மூணு நாள் வீட்டில் சண்டை. நாலாவது நாள் அப்பாவும் மகளும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். உப்பு வேண்டும் என்றால்கூட ரெண்டு பேரும் அம்மாவிடம்தான் கேட்டார்கள். சாரின் மனைவி மருந்தகத்தில் மாத்திரை எண்ணிக் கொடுக்கிற வேலை பார்க்கிறவள். நாளெல்லாம் நோயாளிகளிடம் பேசிவிட்டு வருகிறவளுக்கு வீட்டிலும் தூது போகிற வேலை என்றால் எரிச்சல் வராதா?

"நிறுத்துங்க ரெண்டு பேரும்," என்றாள். "விடுமுறை பத்து நாள் இருக்கு. தம்பிகிட்ட வேலை செய்யற ஆளு தங்கச்சி பிரசவத்துக்கு ஊருக்குப் போயிட்டான். நீங்க போய் தம்பிகூடப் பத்து நாள் வேலை செய்யுங்க. செஞ்சுட்டு வந்து, இதுல படிக்க ஒண்ணும் இல்லேன்னு சொன்னா, இவ தாளைக் கிழிச்சுப் போட்டுருவா. என்னடி?"

"கிழிச்சுடறேன்," என்றாள் மகள். "ஆனா பத்து நாளும் முழுசாப் போகணும். பத்தாவது நாள் சாயங்காலம் நாலு மணிக்கு விண்ணப்பம் கொடுக்கக் கடைசி நேரம்."

"பத்து நாள் எதுக்கு, எனக்கு ரெண்டு நாள் போதும்," என்றார் சார்.

வேலை நடந்த இடம் ஒரு குழந்தைகள் காப்பகம். வேலைக்குப் போகிற அம்மாக்கள் காலையில் பிள்ளையை விட்டுவிட்டுச் சாயங்காலம் தூக்கிப் போகிற இடம். கூடத்துத் தரை வெடித்து, குழந்தைகள் தடுக்கித் தடுக்கி விழுந்துகொண்டிருந்தன. விடுமுறைக்குள் பழைய தரையை உடைத்துப் புதுசு போட்டு, திங்கட்கிழமை திறந்தே ஆகவேண்டும். நடத்துகிற அம்மா கையைப் பிசைந்துகொண்டே சொன்னாள்.

"பதினேழு பிள்ளைங்க மேஸ்திரி. திங்கக்கிழமை திறக்கலேன்னா பதினேழு அம்மாக்களும் வேலைக்குப் போக முடியாது. அப்புறம் என்னைத்தான் உடைப்பாங்க."

"திறந்துடலாம்மா. பாருங்க, கணக்கு வாத்தியாரையே கூட்டிட்டு வந்திருக்கேன்," என்றான் மச்சினன்.

சாருக்கு அது பிடித்திருந்தது. அளவு நாடாவை வாங்கி ரெண்டு சுவரை அளந்தார். இருபது அடி, பதினைந்து அடி. ரெண்டடிக்கு ரெண்டடி டைல்ஸ். மனசிலேயே வகுத்து, "எழுபத்தஞ்சு," என்றார். கணக்கு அவ்வளவு அழகாக வந்ததில் அவருக்கே ஒரு புளகாங்கிதம். மச்சினன் கடப்பாரையும் கையுமாக நின்றதால், "நீங்களே கடைக்குச் சொல்லிடுங்க அத்தான்," என்றான்.

கடைக்காரர் ஃபோனில் கேட்டார், "கூட எவ்வளவு சார் போடட்டும்?"

கணக்கு சாருக்குச் சுருக்கென்றது. இருபத்தோரு வருஷமாகக் கணக்கு நடத்துகிறவரிடம் இதென்ன கேள்வி? "நான் போட்ட கணக்கு சரியாத்தான் இருக்கும். எழுபத்தஞ்சுன்னா எழுபத்தஞ்சு. ஒண்ணுகூட அதிகம் வேண்டாம்," என்று வைத்துவிட்டார்.

பெட்டிக்கு அஞ்சு வீதம் பதினைந்து பெட்டி வந்து பின்னறையில் அடுக்கியாயிற்று. மச்சினன் எண்ணிப் பார்க்கவில்லை. கணக்கு வாத்தியார் வாங்கின சரக்கை எண்ணிப் பார்ப்பதா? டைல்ஸ் வேலையில் 'கூட' என்பதை யாரும் யாருக்கும் சொல்லித் தருவதும் இல்லை. சோற்றுக்கு உப்புப் போடச் சொல்லி யாராவது எழுதி வைப்பார்களா? போடுவார்கள் என்று தெரியும், அவ்வளவுதான்.

முதல் மூணு நாள் உடைப்பு. வெயில் வேறு கொளுத்தியது. சார் தூசியில் வெள்ளைக்காரர் மாதிரி ஆகி, தும்மித் தும்மி, இடிபாட்டைக் கூடையில் அள்ளிக் கொட்டினார். இடுப்பு போன இடம் தெரியவில்லை. வீட்டுக்கு வந்தால் மனைவி வெந்நீர் வைத்திருப்பாள். மகள் பேசமாட்டாள், ஆனால் தைல பாட்டில் மட்டும் அவர் தலையணைக்குப் பக்கத்தில் இருக்கும்.

நாலாம் நாள் மச்சினன் ஒரு மூலையில் உட்கார்ந்து ஒரு சுவரோரம் மூணு அடிக்கு ஒரு கோடு கிழித்தான். அடுத்த சுவரோரம் நாலு அடிக்கு ஒரு கோடு. ரெண்டு கோட்டுக்கும் நடுவே நூலைப் பிடித்து அளந்தான். "அஞ்சு வரணும் அத்தான். அரை அங்குலம் கூட வருது. மூலை விரிஞ்சிருக்கு."

சார் துள்ளி எழுந்துவிட்டார். "மாப்ளே! இது செங்கோண முக்கோணம்டா! இது என் பாடம்டா!"

"இருக்கட்டும் அத்தான். நூலு என்னோடது. ஒரு ஓரமாப் பிடிங்க."

"இதை உனக்கு நான் நடத்தினேனே, ஞாபகம் இருக்கா?"

"கரும்பலகையில நடத்தினீங்க. எதுக்குன்னு சொல்லலியே!" மச்சினன் நூலைச் சுருட்டினான். "வேலைக்கு வந்த மொத வாரம் எங்க மேஸ்திரி இதைக் காட்டினாரு. அப்பத்தான், அடப்பாவி, சார் சொன்னது இதைத்தானான்னு தோணுச்சு."

சார் அன்றைக்கு டீயைக்கூட மெதுவாகத்தான் குடித்தார். இருபத்தோரு வருஷமாக எத்தனை பிள்ளைகளுக்கு அந்த முக்கோணத்தை வரைந்து காட்டியிருப்பார்! அது ஒரு கூடத்தின் மூலையில் போய் உட்காருகிற சாமான் என்று அவருக்கே தெரிந்திருக்கவில்லை. இதை மகளிடம் சொல்லலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. அப்புறம் பந்தயம் ஞாபகம் வந்து வாயை மூடிக்கொண்டார்.

ஆறாம் நாள் டைல்ஸ் போடத் தொடங்கினார்கள். கலவையை விரித்து, டைல்ஸை இறக்கி, ரப்பர் சுத்தியால் தட்டி, ரசமட்டம் வைத்துப் பார்க்கவேண்டும். சார் தானாக ஒரு டைல்ஸ் போட்டார். ரசமட்டத்தின் குமிழ் கோட்டுக்கு நடுவில் நின்றதும் நிமிர்ந்து பார்த்தார், ஒண்ணாம் வகுப்புப் பிள்ளை சிலேட்டைத் தூக்கிக் காட்டுகிற மாதிரி.

மச்சினன் விரல் முட்டியால் தட்டிப் பார்த்தான். ஒரு மூலை மட்டும் வெற்றுப் பானை மாதிரி சத்தம் கொடுத்தது. "எடுங்க அத்தான்."

"மூணு மூலை சரியா இருக்கேடா?"

"நாலாவது மூலைக்கு அடியில கலவை இல்லே. நாளைக்கு ஒரு பிள்ளை அது மேல குதிச்சா உடைஞ்சிடும். முப்பத்தஞ்சு வாங்கினா பாஸ் போடற வேலை இல்ல சார் இது."

கோபம் வந்தால் அவனுக்கு 'அத்தான்' போய் 'சார்' வந்துவிடும். சார் எடுத்தார். திரும்பப் போட்டார். திரும்ப எடுத்தார். நாலாவது தடவை மச்சினன் தட்டிப் பார்த்துவிட்டு ஒண்ணும் சொல்லாமல் அடுத்த வரிசைக்குப் போனான். கணக்கு சாருக்குக் கண் கலங்கிவிட்டது என்றால் நம்புவீர்களா? நிஜமாகவே கலங்கிவிட்டது. தூசி என்று சொல்லித் துடைத்துக்கொண்டார்.

எட்டாம் நாள் மத்தியானம்தான் குட்டு உடைந்தது. வாசல் சுவரை ஒட்டின கடைசி அரை வரிசை. ஒரு அடி அகலம், இருபது அடி நீளம். பின்னறைக்குப் போன மச்சினன் வெறுங்கையோடு வந்தான்.

"அத்தான், மத்த பெட்டி எங்க?"

"எந்தப் பெட்டி?"

"கூட வாங்கினது."

"கூட எதுக்கு வாங்கணும்? எழுபத்தஞ்சு வாங்கினேன். கணக்குச் சரியா இருந்துச்சே!"

மச்சினன் தலையில் கை வைத்து அப்படியே உட்கார்ந்துவிட்டான். "வெட்டும்போது மூணு உடைஞ்சுதே. விரிஞ்ச மூலைக்குத் துண்டு வெட்டினதுல ரெண்டு போச்சே. எந்த ஊர்லயாவது அளவு பாத்து அப்படியே வாங்குவாங்களா?"

"நீயாவது எண்ணிப் பாத்திருக்கலாமில்ல?"

"கணக்கு வாத்தியார் எண்ணினதை நான் எண்ணணுமா?"

கடைக்கு ஃபோன் போட்டார்கள். அந்தச் சரக்கு தீர்ந்துவிட்டதாம். அடுத்தது வர மூணு வாரம் ஆகுமாம், வந்தாலும் நிறம் ஒரு சாயல் மாறித்தான் வருமாம். "அன்னைக்கே கேட்டேனே சார்," என்றார் கடைக்காரர். சார் ஃபோனை வைத்துவிட்டு, சிமெண்டு மூட்டை மேல் உட்கார்ந்தார். பதினேழு அம்மாக்கள் அவர் கண் முன்னால் வரிசையாக நின்றார்கள்.

அந்த நேரம் பார்த்து மகள் சாப்பாட்டு டப்பாவோடு வந்தாள். ரெண்டு பேர் முகத்தையும் பார்த்தாள், காலியாகக் கிடந்த ஓரத்தையும் பார்த்தாள். டப்பாவைத் திறந்து வைத்தாள். மூணு பேரும் சுவரோரம் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். ரெண்டு வாய் இறங்கினதும் மச்சினனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தான், முடியவில்லை. புரையேறும் அளவுக்குச் சிரித்தான்.

"என்னடா?" என்றார் சார்.

"சொன்னா கோவிச்சுக்கக் கூடாது. ஒன்பதாவது முழுப்பரீட்சையில இதே கணக்குத்தான் அத்தான் கேட்டீங்க. பன்னெண்டுக்குப் பத்து அறை, ரெண்டடி டைல்ஸ், எத்தனை வேணும்னு. அஞ்சு மார்க்."

"முப்பது."

"நான் முப்பத்திமூணுன்னு எழுதினேன். லீவுல தரை போடற ஆளுங்களோட போவேன் இல்லையா, அங்க பாத்தது. முப்பது வாங்கினா பத்தாது, மூணு கூட வேணும்னு எழுதியே வச்சிருந்தேன். நீங்க பெருசா ஒரு சுழி போட்டீங்க. எனக்கு முப்பத்தொண்ணு மார்க்கு. பாஸுக்கு நாலு கொறைச்சல்."

சார் கையில் எடுத்த சோறு கையிலேயே நின்றது.

"ஏன்டா என்கிட்ட வந்து கேக்கல?"

"அப்ப உங்ககிட்ட யாரு வந்து கேக்க முடியும்?"

"உங்க அக்காவுக்குத் தெரியுமா?"

"அம்மாவுக்கு மட்டுமா, எனக்கே தெரியும்ப்பா," என்றாள் மகள் தலையைக் குனிந்துகொண்டே. "உங்களுக்கு மட்டும்தான் தெரியாது."

பதினேழு வருஷமாக ஒரே குடும்பமாகப் பழகுகிறார்கள். ஒருத்தர்கூட இதைச் சொல்லிக் காட்டினதில்லை. சாருக்கு அதுதான் தாங்கவில்லை. "அழுதியாடா அன்னைக்கு?" என்று கேட்டார்.

"அழுதேன். பொய் சொல்வானேன்? ஒரு வருஷம் உங்க மேல கோவமாத்தான் இருந்தேன். அப்புறம் நீங்க எங்க அக்காவைக் கட்டிக்கிட்டீங்க. சரி, ஆண்டவன் தண்டனை கொடுத்துட்டான்னு விட்டுட்டேன்."

மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சாருக்கும் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணிலும் தண்ணீர் வந்தது. இந்தத் தடவை தூசி என்று சொல்லவில்லை.

சாப்பிட்டு முடித்து மகள் அந்த ஓரத்தில் குனிந்து நின்று காலால் அடி அடியாக அளந்தாள். "மாமா, உங்க வீட்டுப் பின்பக்கம் பழைய வேலைகள்ல மிஞ்சின டைல்ஸ் குமிஞ்சு கிடக்கே, எத்தனை நிறம் இருக்கும்?"

"கிடக்கும், பத்திருபது. எல்லாம் ஒண்ணு ரெண்டுதான். எதுக்கு ஆகும்?"

"வாசலோரம்தானே இது? பிள்ளைங்க செருப்பு விடற இடம். ஒரு அடிக்கு ஒரு அடின்னு வெட்டி, ஒவ்வொண்ணும் ஒரு நிறமாப் போடுவோம். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு நிறம். பேர் படிக்கத் தெரியாத பிள்ளைகூட 'என்னோடது பச்சை'ன்னு போய் விட்டுரும்."

மச்சினன் அவளையே பார்த்தான். அப்புறம் சாரைப் பார்த்தான். "அத்தான், இவளுக்கு மூளை எங்க அக்கா வழியில வந்தது."

நடத்துகிற அம்மாவைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அவள் முதலில் மூக்கைச் சுளித்தாள். மகள் சுண்ணாம்புக் கட்டியால் கட்டம் போட்டுக் காட்டினதும் முகம் மலர்ந்தது. "தினம் காலையில செருப்புச் சண்டை பிரிச்சே என் பாதி உசிரு போகுது. போடுங்க, போடுங்க! ஆனா இது இருபது கட்டம் இல்ல வருது? என்கிட்ட பிள்ளைங்க பதினேழுதானே?"

மகள் வாயைத் திறப்பதற்குள் சார் முந்திக்கொண்டார். "கூட மூணு இருக்கட்டும்மா. புதுசா வர்ற பிள்ளை எங்க விடும்?"

மச்சினன் சிரித்த சிரிப்பில் தெருவில் போனவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

ஒன்பதாம் நாள் மூணு பேருமாக வெட்டினார்கள், போட்டார்கள். வெளியே தூறல் போட்டு வெக்கை தணிந்திருந்தது. அப்பாவும் மகளும் பேசினார்கள். பேசினார்களா, ஒரே சண்டை! மஞ்சளுக்குப் பக்கத்தில் ஆரஞ்சு வரலாமா கூடாதா என்று ஒரு மணி நேரம். மஞ்சளும் ஆரஞ்சும் ஒட்டியிருந்தால் சின்னப் பிள்ளைக்குக் குழம்பும் என்று மகள் ஜெயித்தாள். சார் விரல் முட்டியால் ஒவ்வொரு கட்டத்தையும் தட்டித் தட்டிக் காது கொடுத்துக் கேட்டார். அவராகவே ரெண்டைப் பெயர்த்துத் திரும்பப் போட்டார். பத்தாம் நாள் காலையில் இடுக்குப் பூசித் துடைத்தபோது தரை பளபளவென்று கிடந்தது. வாசலோரம் இருபது நிறம் வரிசையாகச் சிரித்தது.

மணி மூணேகால். மகள் கைகழுவிவிட்டு வந்து அப்பா முன்னால் நின்றாள். பையிலிருந்து அந்தத் தாளை எடுத்தாள், ஆனால் நீட்டவில்லை.

"பத்து நாள் ஆச்சுப்பா. சொல்லுங்க. இதுல படிக்க ஒண்ணும் இல்லையா? கிழிக்கவா?"

"கொண்டா இங்க!" சார் பிடுங்கிக்கொண்டார். "நானே இன்னும் படிச்சு முடிக்கல, நீ கிழிக்கப் போறியா?" சிமெண்டு மூட்டை மேல் வைத்தே கையெழுத்துப் போட்டார். மகள் அவரைக் கட்டிக்கொண்ட வேகத்தில் பேனா எங்கேயோ பறந்துவிட்டது.

மூணு பேரும் மச்சினனின் வண்டியில் நெருக்கியடித்து ஏறிப் பள்ளிக்கூடத்துக்குப் போனார்கள். அலுவலக வாசல் வந்ததும் மச்சினன் நின்றுவிட்டான். "நீங்க போங்க. நான் இங்க நிக்கறேன்."

"ஏன்டா?"

"காலெல்லாம் சிமெண்டு. அதுவுமில்லாம, இந்த வாசலைத் தாண்டிப் போய்ப் பதினெட்டு வருஷமாச்சு அத்தான். சங்கடமா இருக்கு."

சார் மகளோடு உள்ளே போனார். பெரிய டீச்சர் தாளை வாங்கிக் கையெழுத்தைப் பார்த்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டு இன்னொரு தடவை பார்த்தாள். அறையில் இன்னும் நாலு ஆசிரியர்கள் இருந்தார்கள், விண்ணப்பத்தோடு வந்து தயங்கிக்கொண்டிருந்த பெற்றோரும் ரெண்டு மூணு பேர் இருந்தார்கள்.

"சார், கூட்டத்துல நீங்கதானே..."

"நான்தான். தப்பாப் பேசினேன்," என்றார் கணக்கு சார், வகுப்பில் பேசுகிற அதே உரத்த குரலில். "எல்லாரும் கேட்டுக்கட்டும். பதினெட்டு வருஷத்துக்கு முன்னாடி இந்தப் பள்ளிக்கூடத்துல ஒரு பையன் சரியா எழுதின விடைக்கு நான் சுழி போட்டேன். எனக்குத் தெரியாத ஒண்ணு அவனுக்குத் தெரிஞ்சிருந்துச்சு. அது எனக்கு விளங்கல. அவனைப் பாஸ் போட்டிருக்கணும். அந்தப் பையன் வாசல்ல நிக்கறான். உள்ள வரமாட்டேங்கறான்."

பெரிய டீச்சர் எழுந்து, தானே வாசலுக்குப் போனாள். "உள்ள வாங்க மேஸ்திரி. ஒரு மாசமா உங்களை மாதிரி ஒருத்தரைத்தான் தேடிக்கிட்டிருக்கேன். கட்டடப் பிரிவுக்குச் சொல்லித்தர ஆள் கிடைக்கல."

மச்சினன் கூச்சத்தோடு உள்ளே வந்தான். யார் முகத்தையும் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்தான். பார்த்தவன் பார்த்துக்கொண்டே நின்றான். அப்புறம் குனிந்து, விரல் முட்டியால் ரெண்டு இடத்தில் தட்டினான்.

"டீச்சர், தப்பா நினைக்காதீங்க. இந்தத் தரைக்கு அடியில பாதி இடம் வெறும் பொக்கை. யாரு போட்டது?"

பெரிய டீச்சர் சிரித்துவிட்டாள். நாலு ஆசிரியர்களும் அவரவர் காலடியைப் பார்த்துக்கொண்டு சிரித்தார்கள். தயங்கி நின்ற பெற்றோரில் ஒருத்தர் பேனா கேட்டார்.

"மொத வகுப்புல இதையே காட்டுங்க," என்றாள் பெரிய டீச்சர். "திங்கக்கிழமை மத்தியானம் ஒண்ணரைக்கு வந்துடுங்க சார்."

மச்சினன் சட்டென்று திரும்பிக் கணக்கு சாரைப் பார்த்தான், அவருக்குத்தான் சொல்கிறாள் என்று.

"என்னை ஏன்டா பாக்கறே?" என்றார் கணக்கு சார். "உன்னைத்தான் கூப்பிடறாங்க."